தழும்பு தெரியாத கழுத்து: ஒரு குடியிருப்புக் குழு கையாண்ட வன்முறை நிகழ்வு

இங்கே எழுதியிருப்பது ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி. அந்தப் பெண்ணின் ஒப்புதலோடுதான் எழுதுகிறோம். எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தோம். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகக் களத்தில் இறங்கும் மற்றக் குடியிருப்புக் குழுக்களுக்கு, இதில் எது கைகொடுத்தது, எது உபத்திரவமாக முடிந்தது என்று தெரிந்தால் போதும்.

பின்னணி

எங்கள் குழுவுக்குப் பதவி, அலுவலகம் எதுவும் கிடையாது. ஒரே அடுக்குமாடி வளாகத்தில் குடியிருக்கும் பெண்களும் ஆண்களும் சுமார் இருபது பேர். ஒரு செவிலியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர் என்று கலவையாக இருப்போம்.

தொடங்கும்போது எங்கள் கண்முன் இருந்தது உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த 'சாசா' இயக்கம். வெளியாட்கள் வந்து பாடம் நடத்துவதற்குப் பதிலாக, அந்தந்தப் பகுதியில் குடியிருப்பவர்களே அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்து, வீட்டுக்குள் யார் கையில் அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பேசுபொருளாக்கிய முறை அது. 2007 முதல் 2012 வரை எட்டுப் பகுதிகளில் அதை ஆய்வு செய்தார்கள். இயக்கம் நடந்த நான்கு பகுதிகளில், கடந்த ஓராண்டில் துணைவரிடம் அடிபட்ட பெண்களின் விகிதம் மற்ற நான்கு பகுதிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். மொத்தமே எட்டுப் பகுதிகள் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்களை இழுத்தது இன்னொரு விஷயம்: வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் முறையாகத் துணை நிற்பது அங்கே இரண்டு மடங்காகியிருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், 2015இல் ஐ.நா. வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுப்பின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் ஏதாவது ஓர் உதவியை நாடுபவர்களே 40 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களிலும் காவல்துறைக்குப் போகிறவர்கள் 10 விழுக்காட்டுக்கும் கீழே. மற்றவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களிடமும் சிநேகிதர்களிடமும்தான் சொல்கிறார்கள். ஆக, முதலில் செய்தி வந்து சேரும் இடம் காவல் நிலையமோ நீதிமன்றமோ அல்ல, நாம்தான். அந்த முதல் ஆள் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

முதலில் கவனித்தவை

அந்தக் குடும்பம் குடிவந்து ஓராண்டு இருக்கும். கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகன், மகள். கணவர் எல்லோரிடமும் இதமாகப் பேசுவார். வயதானவர்களின் பையை வாங்கி லிஃப்ட் வரை தூக்கிக் கொடுப்பார். இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் "அவரா? இருக்கவே இருக்காது" என்று அடித்துச் சொன்ன பலரும் ஆதாரமாகக் காட்டியது இந்தப் பையைத்தான்.

மேல்வீட்டுக்காரர் எங்களிடம் வந்தபோது சண்டைச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. சத்தம் நிற்கிற விதம்தான் தன்னைக் கலங்கடிக்கிறது என்றார். வாக்குவாதம் கேட்கும், ஏதோ விழும், சட்டென்று எல்லாம் அடங்கும், அப்புறம் தொலைக்காட்சி சத்தமாகக் கேட்கும். இன்னும் சில விஷயங்களை வேறு வேறு ஆட்கள் தனித்தனியாகப் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் யாரிடமிருந்து அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டே பேசினார். மாலை நடைக்கு வருவது நின்றுபோனது. கீழே வந்தால் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாத விஷயம். குழுவில் எல்லோரும் ஒரே மேசையில் வைத்துப் பேசியபோதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது.

அதற்குச் சில நாள் கழித்து எங்கள் செவிலியர் அவரைப் படிக்கட்டில் எதிர்கொண்டார். குரல் கரகரத்திருந்தது. "சளி பிடிச்சிருக்கு அக்கா" என்றார். மூக்கடைப்பு இல்லை, இருமலும் இல்லை. ஆனால் எச்சில் விழுங்கும்போதெல்லாம் முகம் சுளித்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் கீழிமையின் உட்பக்கத்திலும் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இவை கழுத்தை நெரித்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். கழுத்தை நெரித்தால் மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டுப் பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்பலாம். வெளியே காயம் தெரியாமல் போவது இதில் சர்வசாதாரணம். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். செவிலியருக்கு இது தெரியும், எங்களில் மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்கு முந்தைய கூட்டத்தில் அந்தப் பெண்ணின் கையில் இருந்த நீலத் தழும்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருந்தோம். தொண்டை கட்டியதை யாராவது சொல்லியிருந்தால் அரை நிமிடம்கூட நின்றிருக்க மாட்டோம்.

அழைப்பு மணி

அடுத்த சண்டை வருவதற்குள் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' பிரசாரம் சொன்னது எளிமையான விஷயம்: சத்தம் கேட்டால் போய் மணியடி. அதையே எடுத்துக்கொண்டு, எங்களுக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். இரண்டு பேராகப் போக வேண்டும். கேட்பது அன்றாட விஷயமாக இருக்க வேண்டும்: தண்ணீர் வருகிறதா, எங்கள் பக்கம் விளக்கு எரியவில்லை, உங்களுக்கு எப்படி என்கிற மாதிரி. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கணவர் கதவைத் திறந்தால், ஏதாவது சாக்குச் சொல்லியாவது அந்தப் பெண்ணை நேரில் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தாலோ, உதவி கேட்டு அலறினாலோ, மூச்சுத் திணறுகிற சத்தம் வந்தாலோ மணியடிப்பதோடு நிறுத்தாமல் உடனே காவல்துறையை அழைக்க வேண்டும்.

குழுவில் இருந்த இளைஞர்களுக்கு இது சப்பென்று இருந்தது. "நாலு பேர் போய் நாலு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். தட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், அந்த ஆள் கதவைச் சாத்தியபின் யாரிடம் கணக்குத் தீர்ப்பார் என்று ஆசிரியர் கேட்டதும் பேச்சு அடங்கியது. அடிப்பதற்கு எதிராகப் பேசுகிற குழு அடிக்கக் கிளம்பினால் சொல்வதற்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கும் என்ற வாதமும் வந்தது. அன்று முடிவை மாற்றியது கொள்கை அல்ல, முதல் கேள்விதான்.

மணியடிப்பது வேலை செய்தது, ஓரளவுக்கு. மூன்று முறையும் சண்டை அந்த இடத்தில் அறுந்தது. வெளியே ஆள் இருக்கிறது என்று கணவருக்கு உறைத்தது. அதைவிட, அந்தப் பெண்ணுக்கு உறைத்தது.

பேசியதும் கேட்டதும்

பல பேர் போய் விசாரித்தால் ஆபத்து என்பதால், செவிலியர் ஒருவர் மட்டுமே தொடர்பில் இருப்பது என்று முடிவானது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி விவரம் கேட்கிற சாக்கில் அவருடைய வீட்டுக்கு அந்தப் பெண் வந்துபோக முடிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையைச் செவிலியர் பின்பற்றினார். முதலில் காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, சொல்வதை நம்புகிறேன் என்று காட்டு, பாதுகாப்பைக் கூட்டு, மேற்கொண்டு துணை கிடைக்க வழி செய். "ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய்?" என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் இல்லை.

இரண்டாவது சந்திப்பில் ஆபத்தின் அளவைப் பார்க்கும் கேள்விகளைக் கேட்டார். அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980களில் உருவாக்கிய மதிப்பீட்டுப் பட்டியல் பல நாடுகளில் பயன்படுகிறது; அதை ஒட்டிய கேள்விகள். அடி கூடிக்கொண்டு வருகிறதா? கொன்றுவிடுவேன் என்று சொன்னதுண்டா? தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டியதுண்டா? எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று பின்தொடர்கிறாரா? கழுத்தை நெரித்ததுண்டா? அத்தனைக்கும் ஆம். கடைசிக் கேள்விக்கு மட்டும் "அது அடிக்கிறதில்ல அக்கா, சும்மா பிடிப்பார்" என்று பதில் வந்தது.

2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று கண்டது. செவிலியர் இந்த எண்ணை அவரிடம் சொல்லவில்லை. "கழுத்தைப் பிடிக்கிறதுதான் இருக்கிறதிலேயே ஆபத்தானது. நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும், நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொன்னார். போனார்கள். மருத்துவர் கண்டதை எழுத்தில் பதிந்தார். பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் கைகொடுத்தது அந்த ஒரு தாள்.

உட்கார்ந்து பேசலாம் என்றவர்கள்

இதற்குள் வளாகத்தில் விஷயம் கசிந்திருந்தது. பெரியவர்கள் சிலர், நல்ல எண்ணத்தில்தான், இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். குழுவிலேயே பாதிப் பேருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு மாலை முழுக்க அதே பேச்சு.

சமரசத்துக்கு எதிராக நின்றவர்களின் வாதம் இது: சமரசம் என்பது இரண்டு பக்கமும் பயமில்லாமல் பேசக்கூடிய இடத்தில்தான் செல்லும். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் உண்மையைச் சொன்னால், அதற்கான விலையை வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால், "ஒன்றுமில்லை என்று அவளே சொல்லிவிட்டாளே" என்று கதை முடியும். ஐரோப்பிய நாடுகள் 2011இல் ஏற்படுத்திய இஸ்தான்புல் உடன்படிக்கை, இத்தகைய வழக்குகளில் சமரசப் பேச்சைக் கட்டாயமாக்கக் கூடாது என்று தன் 48ஆவது பிரிவில் சொல்கிறது. இதை ஒருவர் எடுத்துச் சொன்னார். அதனால் மனம் மாறியவர்கள் என்று யாரையும் காட்ட முடியாது. அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது. "வேண்டவே வேண்டாம்" என்று பதில் வந்தது. அதோடு சரி. சமரசத்துக்கு முன்கை எடுத்த ஒரு குடும்பம் அதற்குப் பின் கூட்டங்களுக்கு வருவதில்லை.

வாட்ஸ்அப் பதிவு

இந்த நிகழ்வில் நடந்த பெரிய சேதம் வெளியாளால் வந்ததல்ல. வளாகத்தின் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் ஒரு குடியிருப்பாளர், ஆதரவு காட்டுவதாக நினைத்து, "நம் கட்டடத்தில் ஒரு சகோதரிக்கு நடக்கும் கொடுமைக்கு எதிராக நாம் குரல் கொடுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டார். பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை. தேவையும் இல்லை. கணவர் அதே குழுவில் இருந்தார். பதிவு நீக்கப்படுவதற்குள் படித்துவிட்டார். அன்றிரவே அந்தப் பெண்ணின் கைபேசி பறிபோனது. யாரிடம் என்ன சொன்னாய் என்ற விசாரணை விடியும்வரை நடந்தது. இரண்டு வாரம் செவிலியரால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

பொதுவெளியில் குரல் கொடுப்பதுதான் இந்த இயக்கங்களின் உயிர்நாடி. ஆண்டுதோறும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை உலகெங்கும் நடக்கும் 16 நாள் பிரசாரத்தில் நாங்களும் சுவரொட்டி ஒட்டுகிறோம், கூட்டம் போடுகிறோம். வன்முறையைப் பற்றிப் பொதுவாக எவ்வளவு உரக்கவும் பேசலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டைப் பற்றிப் பேசும்போது அதே குரல் அந்த வீட்டுக்குள் இருப்பவர் மேல்தான் போய் விழுகிறது. இந்த வித்தியாசத்தை எங்கள் குழுவுக்குள் சொல்லி வைத்திருந்தோம், வளாகத்துக்குச் சொல்லவில்லை.

வெளியேறியதும் திரும்பியதும்

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று செவிலியரும் அந்தப் பெண்ணும் முன்பே வகுத்திருந்த பாதுகாப்புத் திட்டம், கைபேசி இல்லாத அந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகள் வழியாகத்தான் உயிரோடு இருந்தது. சண்டை வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அடையாளச் சான்றுகளின் நகல், மருத்துவரின் தாள், ஒரு மாற்றுச்சாவி, பிள்ளைகளின் மாற்றுத்துணி ஆகியவை முன்பே ஒரு பையில் செவிலியர் வீட்டுக்கு வந்துவிட்டன. கைபேசி கையில் இருந்தபோதும் அதில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைக்கச் சொல்லவில்லை. திடீரென்று அணைத்தால் சந்தேகம் வரும். முக்கியமான அழைப்புகளை வேறொருவர் கைபேசியிலிருந்து செய்தார்.

பிரிந்துபோகிற நேரம்தான் பெண்ணுக்கு ஆபத்து உச்சத்துக்குப் போகிற நேரம் என்பதால் கிளம்பும் நாளை அவரே தேர்ந்தெடுத்தார். கணவர் வேலையில் இருந்த ஒரு முற்பகல். பிள்ளைகளோடு உறவினர் வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் ஆவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

குழுவில் அன்று இருந்த கசப்பை மறைக்க வேண்டியதில்லை. "இவ்வளவு பாடுபட்டோம், பழையபடி அங்கேயே போய்விட்டாரே" என்று வெளிப்படையாகவே பேசினார்கள். கையில் பணம் இல்லை, உறவினர் வீட்டில் இடம் இல்லை, மகன் அப்பாவைக் கேட்டு அழுதான், கணவர் தினமும் மன்னிப்புக் கேட்டார். இதில் ஒன்று போதும் யாருக்கும் திரும்பிப் போக. செவிலியர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பை தன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது எது என்று கேட்டால், அந்தப் பையைத் திருப்பித் தராமல் இருந்ததைத்தான் சொல்வேன்.

இரண்டாவது முறை கிளம்பியது இரவில், மறுபடி கழுத்தில் கை வைக்கப்பட்டபின். மகள் ஓடிவந்து கதவைத் தட்டினாள். இந்த முறை காவல்துறையை அழைத்தோம். அந்தப் பெண்ணே வாக்குமூலம் கொடுத்தார். மருத்துவரின் பழைய தாளும், குழு தேதிவாரியாக எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து, கணவர் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை கிடைக்க உதவின. குறிப்பில் நாங்கள் கண்டதும் கேட்டதும் மட்டுமே இருந்தன; "குடித்திருப்பார்", "சந்தேகப்படுகிறவர்" போன்ற ஊகங்களை முதலிலேயே தவிர்த்திருந்தோம்.

ஆணைக்குப் பிறகு

விசாரணை நாட்களில் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேசுவதற்கு ஒன்றுமில்லை, வரிசையில் தனியாக நிற்காமல் இருக்கத்தான். ஒருநாள் கணவர் பள்ளி வாசலில் வந்து நின்றார். அது ஆணையை மீறிய செயல் என்று அன்றே புகார் கொடுக்கப்பட்டது, அதன்பின் வரவில்லை.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாண்ட்ரியலில் 1989 டிசம்பர் 6 அன்று 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின், கனடாவில் 1991இல் ஆண்களே தொடங்கியது வெள்ளை ரிப்பன் இயக்கம். ஆண்களோடு ஆண்கள் பேச வேண்டும் என்ற அந்த எண்ணம் எங்களுக்கும் உண்டு. ஆனால் கணவருக்குப் பழக்கமான இருவர் அவரோடு பேசியது, அந்தப் பெண் பாதுகாப்பான இடத்துக்குப் போய், சம்மதம் சொன்னபின்தான். அந்தப் பேச்சால் கணவர் மாறினார் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. பேசிய இருவரும் மாறினார்கள். முன்பு வேலையிடத்தில் ஒருவர் தன் மனைவியை அடித்ததைக் கேலியாகச் சொன்னபோது கூடச் சேர்ந்து சிரித்தவர்கள், இப்போது சிரிப்பதில்லை.

அந்தப் பெண் இன்று வேறு இடத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். பழைய வேலை போய்விட்டது. கிடைத்த புதிய வேலையில் வருமானம் குறைவு. மகன் செவிலியரோடு பேசுவதில்லை. வீட்டை உடைத்தது அவர்தான் என்று நினைக்கிறான்.

மாற்றிக்கொண்டவை

கழுத்து பற்றிய கேள்வி இப்போது முதல் சந்திப்பிலேயே வருகிறது. "அடித்தாரா?" என்று கேட்டால் கிடைக்காத பதில், "கழுத்தில் கை வைத்ததுண்டா, மூச்சு முட்டியதுண்டா, கண் இருட்டியதுண்டா?" என்று கேட்டால் கிடைக்கிறது. படிக்கட்டுக்கு ஒருவராவது இந்த அறிகுறிகளைத் தெரிந்திருக்க வேண்டும் என்று செவிலியர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

பொது வாட்ஸ்அப் குழுவில் எந்த வீட்டைப் பற்றியும் மறைமுகமாகக்கூட எழுதக் கூடாது என்பது வளாகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட விதியாகிவிட்டது. முதல் மாதச் செலவுக்கு ஒரு சிறு நிதி சேர்த்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் முதல் முறை அவரைத் திரும்ப வரவைத்த காரணங்களில் எங்களால் தீர்க்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒருவர் துணையிருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. அதற்குத் தகுந்த ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஒரே ஆள் தொடர்பில் இருப்பது பாதுகாப்புக்கு நல்லது, அந்த ஒருவரைத்தான் அது அரைத்துவிடுகிறது. செவிலியர் இப்போது சில மாதம் ஒதுங்கியிருக்கிறார்.

நீதிமன்றம் சொன்னபடி கணவர் நடத்தை மாற்றத்துக்கான வகுப்புகளுக்குப் போய் முடித்திருக்கிறார். அந்தச் சான்றிதழைக் காட்டி, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து தானே அழைத்துப் போகக் கேட்டார். குழுவில் சிலர், ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே என்றார்கள். அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. பிள்ளைகளை யார் அழைத்துப் போகலாம் என்று பள்ளியில் கொடுத்திருக்கும் பட்டியலில், அவர் எழுதிக் கொடுத்த இரண்டு பேரின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் கணவர் சந்திப்பது மேற்பார்வையாளர் முன்னிலையில்தான். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அடுத்த விசாரணைக்குத் துணையாகப் போக ஆசிரியர் பெயர் கொடுத்திருக்கிறார்.